ஊரடங்கில் நின்ற இளைப்பு ஏன் திரும்பி வந்தது?

கேள்வி: சாயல்குடி பக்கம் கடலோர ஊர் எங்களுடையது. என் வீட்டுக்காரருக்கு 46 வயது, விறகைப் புகையவிட்டுக் கரியாக்கும் கரிமூட்ட வேலை. பல வருடமாக இளைப்பு உண்டு. 2020 ஊரடங்கில் மூன்றே வாரத்தில் இருமலும் இளைப்பும் அடியோடு நின்றன. காற்று சுத்தமானதால்தான் என்று ஊரே பேசியது. வீட்டிலும் அப்போது இலவச சிலிண்டர் வந்தது. இப்போது மறுபடி கருவேல விறகுதான். மறு வருடம் அவருக்குக் கொரோனா வந்து வீட்டிலேயே குணமானார். இப்போது இளைப்பு முன்பைவிட அதிகம். கொரோனா நுரையீரலைக் கெடுத்துவிட்டதா, தடுப்பூசியால் வந்ததா? ஊரடங்கில் அடைந்த ஓசோன் ஓட்டை திறந்துவிட்டது, காற்று விஷமாகிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. விரலில் மாட்டும் கருவி 98 காட்டுகிறது. மூட்டத்தடியில் நின்றால் தலை வலிக்கிறது என்கிறார். மெடிக்கலில் தரும் மாத்திரை போட்டால் அடங்குகிறது. போன மாதம் பரமக்குடியில் நாத்தனார் வீட்டில் பத்து நாள் இருந்தோம். அங்கேயும் ராத்திரி இருமல் விடவில்லை. ஊரை விட்டே போய்விடலாமா டாக்டர்?
– ஒரு வாசகி

பதில்: ஊரை விட்டுப் போக வேண்டாம் அம்மா. கொரோனாவுக்குப் பல வருடம் முன்பே இருந்த இளைப்பைப் பின்னால் போட்ட ஊசி கொண்டுவந்திருக்க முடியாது. கொரோனா அதைக் கொஞ்சம் கூட்டியிருக்கலாம். நுரையீரல் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கீழே நான் சொல்லும் பரிசோதனை காட்டும்.

காற்று விஷயத்துக்கு வருகிறேன். 2020 மார்ச் 25-க்குப் பிறகு காற்று சுத்தமானது உண்மைதான், ஆனால் எங்கே? டெல்லி போன்ற நகரங்களில் வாகனங்கள் நின்றன, நைட்ரஜன் டை ஆக்சைடும் நுண்தூசியும் சட்டென்று இறங்கின. ஜலந்தரில் மொட்டை மாடியில் நின்றவர்கள் தொலைதூரத்து தௌலாதர் பனிமலையைப் பார்த்தார்கள். சாயல்குடிக் கடற்கரையில் அப்படி இறங்குவதற்கு என்ன இருந்தது? வாடையோ கச்சானோ, ஏதோ ஒரு காற்று வருடம் முழுக்க உங்கள் ஊரைத் துடைத்துக்கொண்டுதான் போகிறது. ஓசோன் கதையை அழித்துவிடுங்கள். 2020 ஏப்ரலில் மூடியது வடதுருவத்துக்கு மேலே அந்தப் பருவத்தில் உண்டான ஓட்டை. அங்கே சுழன்றுகொண்டிருந்த குளிர்காற்றுச் சுழல் உடைந்ததால் மூடியது, நாம் வீட்டுக்குள் இருந்ததால் அல்ல. கரியமில வாயுவும் குறைந்துவிடவில்லை. அந்த மே மாதம் ஹவாயில் உள்ள மௌனா லோவா நிலையத்தில் பத்து லட்சத்துக்கு 417 பங்கு என்று ஏறித்தான் நின்றது.

உங்கள் வீட்டுக்காரரைச் சுற்றி மாறியது வேறு. மூட்டம் நின்றது. சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, நாள்கணக்கில் புகைய விட்டு, வெடிப்பு விழும் இடமெல்லாம் மண் அப்பிக்கொண்டு ராப்பகலாகப் பக்கத்திலேயே இருக்கும் வேலை அது. பிறகு பிரித்து, தண்ணீர் தெளித்து, கரியை வாரும்போது தூசி. இந்த இரண்டும் ஒரே நாளில் நின்றன. மத்திய அரசின் உஜ்வலா எரிவாயு இணைப்புக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை தந்த 3 இலவச சிலிண்டரால் வீட்டுக்குள் அடுப்புப் புகையும் குறைந்தது. பள்ளிகள் மூடி, எல்லோரும் முகக்கவசம் போட்டதால் சளிக்காய்ச்சலும் பரவவில்லை; இளைப்பைக் கிளப்பிவிடுவதில் சளிக்காய்ச்சலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஊரடங்கில் என்னிடம் இளைப்புக்காக வருவோர் வெகுவாகக் குறைந்தார்கள். பஸ் ஓடவில்லை என்பதும் ஒரு காரணம். ஆனால் பிறகு வந்தவர்களைக் கேட்டபோது, பலரும் "அப்ப நல்லாத்தான் இருந்துச்சு" என்றே சொன்னார்கள்.

ஆக, எந்த டாக்டரும் எழுதிக்கொடுக்கத் தயங்குகிற ஒரு பரிசோதனையை ஊரடங்கு உங்களுக்குச் செய்து காட்டியது: வேலையை முழுதாக நிறுத்தினால் மூச்சு என்ன ஆகிறது என்று. மூச்சு சீரானது. நோய் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரி. பரமக்குடியில் பத்து நாள் இருந்தும் இருமல் விடவில்லை. 2020-இல் புகையை விட்டு விலகியதும் முழுதாக நின்றது, இப்போது விலகியும் நிற்கவில்லை. நீங்கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான். புகையால் சுருங்கும் மூச்சுக்குழாய் ஆரம்பத்தில் புகை விலகியதும் விரிந்துவிடும். வருடக்கணக்கில் புண்பட்டுக்கொண்டே இருந்தால் சுவர் தடித்து, சுருங்கியது சுருங்கியபடி நின்றுவிடும். அந்த நிலைக்குப் போய்விட்டால் இழந்ததை எந்த மருந்தாலும் முழுதாக மீட்க முடியாது. அவர் அந்த எல்லைக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்று இந்த வாரமே தெரிந்தாக வேண்டும். அடுத்த மூட்டம் பிரித்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

அதற்கு ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. குழாயில் முழு மூச்சையும் வேகமாக ஊதச் சொல்வார்கள். பிறகு குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சச் சொல்லி, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். இரண்டாவது முறை அளவு நன்றாக ஏறினால் மூச்சுக்குழாய் இன்னும் விரிகிறது என்று அர்த்தம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் போய்க் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும் காசநோய்க்கான சளிப் பரிசோதனை கட்டாயம் வேண்டும், இலவசம்தான்; அதையும் முடித்துவிடுங்கள். பீடி பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. இருந்தால் அங்கே மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

விரல் கருவி காட்டும் 98-ஐ வைத்து ஆறுதல் அடையாதீர்கள். காற்று போதாமல் விறகு புகையும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சின்னக் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அதையும் பிராணவாயு என்றே கணக்குப் பண்ணிக் காட்டும். மூட்டத்தடியில் தலை வலித்தால் உடனே எழுந்து தள்ளிப் போக வேண்டும். வாந்தி, தலைசுற்றல், தடுமாற்றம் இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், முதல் வார்த்தையாக "கரிமூட்டத்தில் இருந்தார்" என்று சொல்லுங்கள். முகத்தில் கட்டும் துண்டு இந்த வாயுவைத் தடுக்காது. என்95 கவசம் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. கரி வாரும்போது அந்தக் கவசம், மூட்டம் பார்க்கும்போது காற்று முதுகில் படும்படி நிற்பது, இரண்டும் வேண்டும்.

மெடிக்கலில் தரும் மாத்திரைக்கு என்னால் பொறுமையாகப் பதில் எழுத முடியவில்லை. போட்டதும் அடங்குகிறது என்றால் அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். மாதக்கணக்கில் விழுங்கினால் சர்க்கரை ஏறும், எலும்பு உளுத்துப்போகும், வயிறு புண்ணாகும். பல நாள் போட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், படிப்படியாக நிறுத்தித் தருவார்கள். இன்ஹேலர் கொடுத்தால் "பழகிவிடும்" என்று பயந்து பீரோவில் வைக்காதீர்கள். மாத்திரையில் போவதில் மிகச் சிறிய அளவுதான் அதில் இருக்கிறது, அதுவும் நேராக மூச்சுக்குழாய்க்கே போகிறது. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் மட்டும் எதற்கும் காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வேலையை விடச் சொல்வது எனக்கு எளிது, உங்களுக்கு அது சோறு. பரிசோதனை முடிவு வரும்வரையாவது ராத்திரி மூட்டம் பார்ப்பதை வேறு ஆளிடம் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். வெட்டுவது, எடை போடுவது போன்ற வேலை இருந்தால் அதில் நிற்கட்டும். வீட்டில் விறகடுப்பைக் கூரைக்கு வெளியே கொண்டுவந்து வையுங்கள். அந்த அடுப்புக்கு முன்னால் தினமும் உட்காருகிறவர் நீங்கள். உங்கள் இருமலைப் பற்றி எதுவுமே எழுதவில்லையே அம்மா. ராமநாதபுரம் போகும் அன்றைக்கு உங்களுக்கும் ஒரு சீட்டு போட்டு, நீங்களும் ஊதிப் பாருங்கள்.