ஸ்விங் கீல் இடிப்பதும் பாடுவதும்: கேள்வி பதில்

கீல் என்பது பாய்மரப் படகின் அடியில் நின்று அதைக் கவிழாமல் காக்கும் கனமான தகடு; மேலே மடக்கக்கூடியது ஸ்விங் கீல். சின்னப் படகுகளில் கீல் எழுப்பும் சத்தம் பற்றி மட்டும் கேளுங்கள் என்றேன். எஞ்சின், பாய், பழைய படகு விலை எல்லாம் வந்து சேர்ந்திருக்கிறது. கேட்டவர்களில் பாதிப் பேரிடம் இருப்பது கேட்டலினா 22 என்ற ஸ்விங் கீல் பாய்மரப் படகு. அதனால் அளவுகளை அதற்கே சொல்கிறேன்.

நங்கூரம் போட்டுப் படுத்தால் ராத்திரி முழுக்க ‘டொக், டொக்’. பக்கவாட்டில் அலை வந்தால் இன்னும் மோசம். படகு உடைகிறதா?

உடையவில்லை. சுமார் 250 கிலோ வார்ப்பிரும்புக் கீல், ‘பின்’ என்ற ஒரே ஒரு குறுக்குத் தண்டில் தொங்குகிறது. அந்தப் பின் ஒரு அங்குலத் தடிமன். கீலுக்கும் அதைத் தாங்கும் இரு பக்கத் தாங்கிகளுக்கும் நடுவே இடைவெளி இருந்தால், அலைக்கு அலை கீல் சாய்ந்து இடிக்கும். படகின் கூடு வெற்றுப் பெட்டி என்பதால் சின்ன இடிகூட உள்ளே பெரிதாகக் கேட்கும்.

இன்றைக்குத் தூங்க வேண்டுமானால் கீலை முழுக்க மேலே ஏற்றி இறுக்கிவிடுங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் படகைக் கரையேற்றி, பின்னைக் கழற்றிப் பாருங்கள். பின்னில் பள்ளம் விழுந்திருந்தால் புதிது போடுங்கள். கீலின் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால், பெரிதாகக் கடைந்து புஷ் (துளைக்குள் பொருந்தும் உலோக வளையம்) அடிக்க வேண்டும். லேத் பட்டறை வேலை அது. கடைசியில் இருபுறமும் வாஷர் வைத்து இடைவெளியைக் குறையுங்கள். அடைத்துவிடாதீர்கள், கீல் தன் எடையில் இறங்க வேண்டும். துருப்பிடித்த கீலில் உப்பிய துருவைச் சுரண்டிய பிறகே அளவெடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: கீலுக்கு முட்டுக் கொடுக்காமல் அடியில் தலையை விடாதீர்கள். கீலை ஏற்றி இறக்கும் வின்ச்சும் (கேபிளைச் சுற்றும் உருளை) கேபிளும் முட்டு ஆகாது.

காற்று நன்றாக அடித்தால் படகு முழுக்க ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம். கீல் அதிர்கிறதா?

கேபிள் அதிர்கிறது. கீல் இறங்கியிருக்கும்போது கேபிள் தண்ணீருக்குள் குறுக்கே நிற்கிறது. அதைக் கடக்கும் நீர், இடமும் வலமும் மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கிறது. காற்றில் கம்பி பாடுவதை 1878-ல் இயற்பியலாளர் ஸ்ட்ரூஹால் அளந்து எழுதிய கணக்கே இதற்கும்: வேகத்தைத் தடிமனால் வகுத்து, 0.2-ஆல் பெருக்குங்கள். 4.8 மில்லிமீட்டர் கேபிள், 5 நாட் வேகம் (நொடிக்குச் சுமார் 2.6 மீட்டர்) என்றால் நொடிக்கு நூற்றுச் சொச்சம் அதிர்வு. அதுதான் உங்கள் காதில் விழுகிறது.

கேபிளின் இறுக்கத்தை மாற்றினால் ரீங்காரம் வேறு வேகத்துக்கு நகரும், அவ்வளவே. ஆலைப் புகைபோக்கிகளில் திருகலாகத் தகடு சுற்றுவது இந்தச் சுழல்களைக் குலைக்கத்தான். கேபிளிலும் மெல்லிய கயிற்றைத் திருகலாகச் சுற்றலாம். ஆனால் கீலை ஏற்றும்போது கேபிள் உள்ளே போகும் வழியில் அது சிக்கிக்கொள்ளும். நான் எதுவும் சுற்றுவதில்லை. ரீங்காரம் கேட்டால் நல்ல வேகத்தில் போகிறோம் என்று அர்த்தம்.

புது கேபிள் போட்டும் ரீங்காரம் நிற்கவில்லை.

நிற்காது. தடிமன் அதேதானே.

அவுட்போர்டு எஞ்சின் இருமுகிறது...

மெக்கானிக்கிடம் போங்கள்.

இறக்கிய கீலை அசையாமல் பிடிக்கும் பூட்டு போல்ட்டை இறுக்கினால் இடி நின்றுவிடுகிறதே. பிறகு பின், வாஷர் எல்லாம் எதற்கு?

போல்ட் கீலை ஒரு பக்கமாக அழுத்திப் பிடிக்கிறது, அதனால் சத்தம் நிற்கிறது. தேய்மானம் நிற்காது. ஆழமில்லாத இடத்தில் தரை தட்டினால், பூட்டாத கீல் பின்னால் மடங்கி மேலே போகும். பூட்டிய கீல் அந்த அடியைக் கீல் பெட்டிக்கு, அதாவது கீல் மேலேறி உட்காரும் படகின் பள்ளத்துக்கு, கொடுக்கும். கீல் பெட்டி விரிசல் விட்டால் தண்ணீர் உள்ளே வரும்.

ஐயா, தப்பான ஆலோசனை. படகு கவிழ்ந்தால் பூட்டாத கீல் மொத்தமாகப் பெட்டிக்குள் விழும். பிறகு படகை நிமிர்த்துவது எது?

நீங்கள் சொல்வது சரி, அதனால் நான் சொன்னது தப்பாகிவிடாது. நீங்கள் ஆழமான பெரிய ஏரிக்காரர் போலிருக்கிறது. கீல் இறங்கினால் இந்தப் படகுக்கு ஒன்றரை மீட்டர் ஆழம் வேண்டும். மணல்திட்டு உள்ள கழிமுகத்தில் தரை தட்டுவது வாராவாரம் நடப்பது, கவிழ்வது அபூர்வம். ஆழமான நீர், பலத்த காற்று என்றால் பூட்டுங்கள். திட்டுகளுக்கு நடுவே திறந்து விடுங்கள்.

அப்படி மாற்றி மாற்றிச் செய்ய யாருக்கு ஞாபகம் இருக்கும்?

வரைபடம் பார்க்க ஞாபகம் இருப்பவருக்கு இருக்கும்.

அப்போதும் பூட்டுவதே பாதுகாப்பு.

உங்கள் ஏரியில் ஆம். அடுத்த கேள்விக்குப் போவோம்.

லேசர் என்ற சின்னப் பந்தயப் படகில் டேகர்போர்டு (கீலுக்குப் பதில் நடுவே செருகி இறக்கும் பலகை) பாடுகிறது. கேபிளே கிடையாதே?

பலகையின் பின்விளிம்பைத் தடவிப் பாருங்கள், உருண்டையாக இருக்கும். அங்கேயும் சுழல்தான். பின்விளிம்பை ஒரு பக்கம் சாய்வாகச் சீவினால் அநேகமாக அடங்கும். பந்தயம் ஓடுபவரானால் முதலில் அந்தப் படகு வகைக்கான பந்தய விதிகளைப் படியுங்கள்.

என்னுடையது மடங்காத கீல். திரும்பும்போது கிறீச்சிடுகிறது, கீழே கொஞ்சம் தண்ணீரும் நிற்கிறது.

கீல் பாடுவதற்கு நான் சிரிப்பேன், இதற்கு மாட்டேன். சத்தமும் தண்ணீரும் சேர்ந்து வந்தால் கீல் போல்ட்டுகளைச் சந்தேகியுங்கள். 2014 மே மாதம் ‘சீக்கி ரஃபிக்கி’ என்ற 40 அடிப் படகு, அட்லாண்டிக் நடுவே கீல் கழன்று கவிழ்ந்து நால்வர் உயிரிழந்தார்கள். படகை இந்த வாரமே கரையேற்றி, படகைச் சோதிக்கும் சர்வேயரைக் கூப்பிடுங்கள்.

ரீங்காரத்துக்கு ஏதாவது ஸ்ப்ரே...

இல்லை. மேலே சொன்னதைப் படியுங்கள்.

டிரெய்லரில் வைத்தே, நான் ஒருவனே பின்னைக் கழற்றலாமா?

கூடாது. முட்டில்லாமல் அடியில் போகாதீர்கள் என்று மேலே சொன்னேன். கீலுக்கடியில் மரக்கட்டை அடுக்கி, எடை முழுக்கக் கட்டையில் உட்கார்ந்து கேபிள் தளர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, இன்னொருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாங்கிகளின் போல்ட்டைத் தொடுங்கள்.