ஜெனெட் புரியவில்லை, 12 ஆயிரம் கட்டலாமா?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன். பள்ளியில் தமிழ்வழி, இப்போது எம்.ஏ. ஆங்கில இலக்கியம் முதலாண்டு. கதை சொல்லப்படும் விதத்தை ஆராயும் எடுத்துரைப்பியல் தாளில், பிரெஞ்சுக் கோட்பாட்டாளர் ஜெனெட் சொல்லும் ‘பார்ப்பது யார், பேசுவது யார்’ என்ற பகுதி எத்தனை முறை படித்தாலும் மண்டையில் ஏறவில்லை. பெரம்பூரில் ஒரு கோச்சிங் சென்டரில் நோட்ஸும் அடுத்த ஆண்டு புராஜெக்டும் சேர்த்து 12 ஆயிரம் ரூபாய் என்கிறார்கள். பி.ஏ. மார்க் ஷீட் ஒரிஜினலையும் கேட்கிறார்கள். சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். ஜெனெட்டையும் இப்போதைக்கு மூடி வையுங்கள். அவர் அதை 1972-ல் பிரெஞ்சில் எழுதினார். ஆங்கிலத்துக்கு 1980-ல் வந்தது. உதாரணங்களுக்கு அவர் திரும்பத் திரும்பப் போவது பிரெஞ்சு எழுத்தாளர் புரூஸ்ட்டின் ஒரே ஒரு நாவலுக்கு. அந்த நாவலைத் தொடாதவருக்கு இந்தப் பகுதி பிடிபடாது. இதற்கும் நீங்கள் தமிழ்வழியில் படித்ததற்கும் சம்பந்தமே இல்லை.

அதற்குப் பதிலாக டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ முதல் அத்தியாயத்தை எடுங்கள். சில பக்கங்கள்தான். பிப் என்ற சிறுவன் அப்பா, அம்மாவைப் பார்த்ததே இல்லை. கல்லறைக் கல்லில் இருக்கும் எழுத்துகளின் வடிவத்தை வைத்தே அப்பா தடித்த, கறுத்த, சுருட்டை முடிக்காரர் என்று முடிவு கட்டுகிறான். அப்படி நினைப்பது சிறுவன். ஆனால் ‘நியாயமே இல்லாமல் அப்படிக் கற்பனை செய்தேன்’ என்கிற தொனி அந்த வயதுப் பையனுடையது இல்லை. வளர்ந்து, படித்து, பழசைத் திரும்பிப் பார்க்கும் பிப்புடையது. கொஞ்சம் தள்ளி, தப்பி வந்த கைதி பையனைப் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்க்கிறான். உடனே சர்ச் குட்டிக்கரணம் அடிக்கிறது, கோபுரம் காலுக்குக் கீழே தெரிகிறது. சர்ச் எங்கேயாவது குட்டிக்கரணம் அடிக்குமா? தொங்கிக்கொண்டிருக்கும் பையன் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். பார்ப்பது அவன், பேசுவது பெரியவர். ஃபோகலைசேஷன் என்று உங்களை மிரட்டுவது இவ்வளவுதான். இதற்குமேல் உள்ள உட்பிரிவுகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இனி கைடு விஷயம். ‘நான்’ என்று வந்தால் சொல்பவருக்குத் தெரிந்தது மட்டும், ‘அவன், அவள்’ என்று வந்தால் எல்லாம் தெரிந்த கதைசொல்லி என்று இரண்டே கட்டம் போட்டு வைத்திருப்பார்கள். இந்த அட்டவணையை நம்பி எழுதிய விடைத்தாள்களைத் திருத்தித் திருத்தி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’ முழுக்க ‘அவள்’தான். ஆனாலும் பெரும்பாலும் எம்மாவுக்குத் தெரிந்த அளவுதான் நமக்கும் தெரியும். ஊர்ப் பாதிரியார் எல்டன் தன் தோழி ஹேரியட்டைக் காதலிக்கிறார் என்று எம்மா நம்புகிறாள். வண்டிக்குள் அவர் எம்மாவிடமே காதலைச் சொல்லும்போது அவளுக்கு அதிர்ச்சி, அவளை நம்பி வந்த வாசகருக்கும் அதே அதிர்ச்சி.

சரி, முழு நாவலும் எம்மாவின் கண்தானா என்றால் அதுவும் இல்லை. 41-ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். அங்கே கண் எம்மாவின் குடும்ப நண்பர் நைட்லிக்கு மாறிவிடுகிறது. ஃபிராங்க் சர்ச்சிலுக்கும் ஜேன் ஃபேர்ஃபாக்ஸுக்கும் இடையே ஏதோ இருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுவது அவர்தான். எழுத்துகளைச் சேர்த்துச் சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டின்போது இருவர் முகத்தையும் மாறி மாறிக் கவனிக்கிறார். எம்மாவுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அவர் எச்சரித்தும் சிரித்துத் தள்ளிவிடுகிறாள். அந்த அத்தியாயமும் எம்மாவின் கண்ணிலேயே இருந்திருந்தால் அந்த ரகசியம் நம்மையும் தாண்டிப் போயிருக்கும். தேர்வில் இந்த ஒரு அத்தியாயத்தை வைத்து ஒரு பக்கம் எழுதுங்கள். கைடைக் கரைத்துக் குடித்தவரால் அதை எழுத முடியாது.

ஆனால் கேள்வித்தாள் அதையா கேட்கிறது? ‘ஜெனெட்டின் பங்களிப்பைப் பற்றிக் கட்டுரை வரைக’ என்றுதான் வரும். ஒரு பத்தியைக் கொடுத்து ‘இங்கே பார்ப்பது யார்’ என்று கேட்டால் நோட்ஸ் வியாபாரம் பாதி அன்றைக்கே படுத்துவிடும். கேட்க மாட்டார்கள், திருத்துவது கஷ்டம் இல்லையா! கல்லூரிக்குள் செய்ய வேண்டியதைச் செய்யாததால்தான் ஜெராக்ஸ் கடை வாசலில் நோட்ஸும் புராஜெக்டும் விற்கும் புரோக்கர் நிற்கிறார்.

புராஜெக்ட் பேக்கேஜ்தான் பெரிய பொறி. ஒரே ஆய்வேட்டை அட்டையில் பெயர் மாற்றி நாலு பேருக்கு விற்பார்கள். நன்றியுரையில் சம்பந்தமே இல்லாத வேறொரு கல்லூரிப் பேராசிரியருக்கு நன்றி சொல்லியிருந்த ஆய்வேடு ஒன்று என் மேசைக்கே வந்திருக்கிறது. எழுத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) கொண்டுவந்த 2018 விதிமுறை முதுகலை ஆய்வேட்டுக்கும் பொருந்தும். பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தித் தர வேண்டும். 40-ஐத் தாண்டினால் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்க முடியாது. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து. மாட்டுவது நீங்கள்தான். புரோக்கரின் போன் அன்றைக்கு ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருக்கும். ‘சாஃப்ட்வேரில் மாட்டாதபடி மாற்றித் தருகிறோம்’ என்பார்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் இரண்டு கேள்வி கேட்டாலே தெரிந்துவிடும்.

நான் சொன்ன இரண்டு நாவல்களுமே காப்புரிமை முடிந்தவை. புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசம், போனிலேயே படிக்கலாம். அச்சில் வேண்டுமென்றால் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போங்கள். கோட்பாட்டு நூல்களையும் அங்கேயே கேட்டுப் பாருங்கள். டிக்கன்ஸின் முதல் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் பென்சிலால் ‘பை’, ‘பெ’ என்று குறியுங்கள்: பையன் பார்க்கிறானா, பெரியவர் பேசுகிறாரா. இரண்டும் கலந்த இடத்தில் இரண்டையும் போடுங்கள். அதை முடித்த பிறகு ஜெனெட்டைத் திறந்தால் பாதி பயம் போயிருக்கும்.

மார்க் ஷீட் ஒரிஜினலைக் கேட்க எந்தக் கோச்சிங் சென்டருக்கும் உரிமை கிடையாது. பாதியில் நின்றால் மீதிப் பணத்தைக் கறக்கத்தான் அதை வாங்கி வைக்கிறார்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் நாளைக்கே வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கி வாருங்கள். தர மறுத்தால் உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, மனு ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.