ஒரே டர்போ இன்ஜின், இரண்டு பவர்: கூடுதல் பணம் எதற்கு?

கேள்வி: குடும்பத்துக்காக ஸ்கார்பியோ-என் டீசல் வாங்கலாம் என்றிருக்கிறோம். ஆரம்ப வேரியன்ட்டில் 132 பிஎஸ் (குதிரைசக்தி), மேல் வேரியன்ட்டில் 175 பிஎஸ் என்று போட்டிருக்கிறார்கள். இரண்டுமே 2.2 லிட்டர்தான். "உள்ளே எல்லாம் ஒன்றுதான், சாஃப்ட்வேரில் அடக்கி வைத்திருக்கிறார்கள். குறைந்ததை வாங்கி, வெளியே அந்த சாஃப்ட்வேரை மாற்றி எழுதி ரீமேப் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார் தெரிந்த மெக்கானிக். நம்பலாமா? ஒரே இன்ஜினை எதற்காக இப்படிப் பிரித்து விற்கிறார்கள்?

பதில்: ரீமேப் போடலாம் என்ற கணக்கில் வண்டி வாங்காதீர்கள். ஏன் என்று பார்ப்போம்.

டர்போ இன்ஜினின் பவர், சிசியை மட்டும் பொறுத்தது இல்லை. டர்போ எவ்வளவு அழுத்தத்தில் காற்றை இன்ஜினுக்குள் தள்ளுகிறது, அதற்கு எவ்வளவு டீசல் பீய்ச்சப்படுகிறது என்பவைதான் பெரும்பாலும் பவரைத் தீர்மானிக்கின்றன. இரண்டையும் ஈசியூ என்ற கணினி கட்டுப்படுத்துகிறது. அதனால் ஒரே இன்ஜினை இரண்டு, மூன்று பவரில் அமைப்பது கம்பெனிக்குச் சுலபம். உங்கள் மெக்கானிக் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

ஆனால் வித்தியாசம் சாஃப்ட்வேரோடு நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. நம் நாட்டில் பல கம்பெனிகள் பயன்படுத்திய ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசலையே எடுத்துக்கொள்ளுங்கள். மாருதி ஸ்விஃப்ட்டில் அது 75 பிஎஸ், 190 என்எம் டார்க் (இன்ஜினின் சுழற்று விசை; என்எம் அதன் அளவு). எர்டிகாவிலும் சியாஸிலும் 90 பிஎஸ், 200 என்எம். அதே 1248 சிசி. ஆனால் 75 பிஎஸ் இன்ஜினில் இருந்தது சாதாரண டர்போ. 90 பிஎஸ் இன்ஜினில் இருந்ததோ, இன்ஜினிலிருந்து வரும் புகையின் பாதையைத் தேவைக்கேற்பக் குறுக்கவும் விரிக்கவும் செய்யும் விஜிடி டர்போ. ஸ்விஃப்ட்டின் ஈசியூவை எப்படி மாற்றி எழுதினாலும் அந்த டர்போ உள்ளே வந்துவிடாது.

பிஎஸ் எண் வாங்குபவரைத் திசைதிருப்புவதும் உண்டு. ஹூண்டாயின் 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் வென்யூவில் 120 பிஎஸ் ஆகவும், கிராண்ட் ஐ10 நியோஸில் 100 பிஎஸ் ஆகவும் விற்கப்பட்டது. டார்க் இரண்டிலும் 172 என்எம், அதுவும் 1500 முதல் 4000 ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) வரை அப்படியே. நியோஸ் தன் உச்ச பவரை 4500-லேயே தொட்டுவிடும். வென்யூ 6000 வரை போய்த் தொடும். ஊருக்குள் யாரும் அந்த 6000-க்கு ஓட்டுவதில்லை. அந்த 20 பிஎஸ், ஹைவேயில் மிதித்து ஓவர்டேக் செய்யும்போதுதான் தெரியும். அதனால் பிரோஷரில் பிஎஸ்ஸைவிட, டார்க் எவ்வளவு, எந்த ஆர்பிஎம்மில் வருகிறது என்பதையே முதலில் பாருங்கள்.

சரி, ஏன் பிரிக்கிறார்கள்? விலைப் படிக்கட்டு ஒரு காரணம், மறைக்க ஒன்றும் இல்லை. தனி இன்ஜின் தயாரிக்கும் செலவு இல்லாமலே, மேல் வேரியன்ட்டுக்கு ஆளை இழுக்க ஓர் எண் கிடைக்கிறது. இன்னொன்று கியர்பாக்ஸும் கிளட்ச்சும். 175 பிஎஸ் ஸ்கார்பியோ-என்னிலேயே மேனுவலுக்கு 370 என்எம், ஆட்டோமேட்டிக்குக்கு 400 என்எம். எக்ஸ்யூவி700-இன் 185 பிஎஸ் டீசலிலும் இதே கதைதான்: மேனுவலில் 420, ஆட்டோமேட்டிக்கில் 450. கியர்பாக்ஸ் தாங்கும் அளவுக்கு இன்ஜினின் டார்க்கை அடக்குவது இந்தத் துறையில் வழக்கம். வெளிநாடுகளில் சட்டமும் சேர்ந்துகொள்ளும். இத்தாலியில் லைசென்ஸ் வாங்கிய முதல் வருடம் 70 கிலோவாட்டுக்கு மேல் பவர் உள்ள காரை ஓட்டக் கூடாது என்ற விதி பல ஆண்டுகள் இருந்தது. 70 கிலோவாட் என்றால் 95 பிஎஸ். நம் ஜிஎஸ்டியோ பவரைப் பார்ப்பதில்லை. சிசியையும் நீளத்தையும்தான் பார்க்கிறது.

இப்போது ரீமேப்புக்கு வருகிறேன். குறைந்த பவர் வண்டியில் கிளட்ச், டர்போ, இன்ஜெக்டர் எல்லாம் மேல் வேரியன்ட்டில் இருப்பவைதானா என்பது வெளிக்கடைக்காரருக்கு உறுதியாகத் தெரியாது. கூடுதல் டீசல் எரிந்தால் வெப்பம் கூடும், கரி கூடும்; பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதிப்படியான) வண்டியில் அந்தக் கரி, புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரில் போய் அடைக்கும். பழுதானால் வாரண்டி கிடைக்காது. இன்ஷூரன்ஸ் கிளெய்மிலும் தகராறு வரலாம். கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து ஆர்சி விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது என்பதையும் மறக்காதீர்கள்.

உங்கள் ஓட்டம் பெரும்பாலும் ஊருக்குள், எப்போதாவது வெளியூர் என்றால் 132 பிஎஸ் தாராளம். அதிலேயே 300 என்எம் இருக்கிறது. ஏழு பேரும் சாமான்களுமாக அடிக்கடி மலைப்பாதையோ நீண்ட ஹைவேயோ போவீர்கள் என்றால், கூடுதல் பணம் கொடுத்து 175-ஐயே வாங்குங்கள். வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஏசி போட்டு, ஒரு மேம்பால ஏற்றத்தில் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். தனியாக ஓட்டிப் பார்த்தால் இரண்டுமே நன்றாக இழுப்பதாகத்தான் தோன்றும்.

அப்புறம், இரண்டு இன்ஜினுக்கும் டர்போவிலும் கிளட்ச்சிலும் பாக நம்பர் ஒன்றா, வேறா என்று ஷோரூமில் கேளுங்கள். பதிலை ஈமெயிலில் தரச் சொல்லுங்கள். லட்சக்கணக்கில் பணம் கொடுப்பவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. கம்பெனிகள் இதைக் கேட்காமலே பிரோஷரில் அச்சிட வேண்டும்.