ரோல் கேஜுக்கு எந்தக் குழாய் வாங்கலாம்? கேள்வி பதில்

ஜூருவிலிருந்து: அண்ணே, ஹைலக்ஸ் பிக்கப்புக்கு ரோல் கேஜ், அதாவது வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் குழாய்க் கூண்டு, கட்டப் போகிறேன். ஹார்ட்வேர் கடையில் ஒன்றரை அங்குலத் தண்ணீர்க் குழாய் மலிவு, நல்ல தடிமனும்கூட. போதாதா?

போதாது தம்பி. அதில் ஒன்றரை அங்குலம் என்பது பெயர்தான், வெர்னியர் வைத்துப் பார்த்தால் வெளிவிட்டம் 48.3 மி.மீ. இருக்கும், டியூப் என்று விற்பதில் ஒன்றரை அங்குலம் என்றால் வெளியே 38.1. உலகக் கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதி, இருக்கைக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளையத்துக்குக் கேட்பது 45 x 2.5 அல்லது 50 x 2.0 மி.மீ. (வெளிவிட்டம் x சுவர்த் தடிமன்), தையல் இல்லாமல் குளிர்நிலையில் இழுத்த கார்பன் எஃகு, இழுவலிமை குறைந்தது 350 மெகாபாஸ்கல். பந்தயத்துக்குப் போகாதவர்களுக்கும் நான் இந்த அளவுகளைத்தான் சொல்வேன், ஏனென்றால் காட்டில் கவிழ்கிற வண்டிக்குள் இருப்பதும் மனிதர்தான். எடையையும் பார்: 48.3 x 3.2 குழாய் மீட்டருக்குச் சுமார் 3.6 கிலோ, 45 x 2.5 என்றால் 2.6. அந்தக் கூடுதல் எடையில் ஒரு பகுதி கூரை உயரத்தில் போய் உட்காரும், வண்டி இன்னும் சுலபமாகச் சாயும்.

செந்தூலிலிருந்து: பழைய ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய குழாய்) கிடக்கிறது, பம்பருக்கு வெல்டிங் செய்யலாமா?

துத்தநாகப் பூச்சை முழுதாக எடுத்த பிறகு செய்யுங்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே காய்ச்சல், குளிர்நடுக்கம் வரும்.

பிறையிலிருந்து: ஈஆர்டபிள்யூ, டிஓஎம் என்ற இரண்டு வகைக் குழாயையும் கடையில் எப்படிப் பிரித்தறிவது?

உள்ளே விரல் விட்டுப் பாருங்கள், நீளவாக்கில் வெல்டிங் மேடு தட்டினால் அது சாதாரண ஈஆர்டபிள்யூ, தகட்டைச் சுருட்டி மின்சாரத்தால் வெல்டிங் செய்தது. டிஓஎம்மும் வெல்டிங் செய்த குழாய்தான், ஆனால் அதை அச்சுக்கும் உள்தண்டுக்கும் நடுவே குளிர்நிலையில் இழுப்பதால் மேடு மறையும், வலிமை கூடும், தடிமன் ஒரே சீராக வரும். மேட்டைச் சீவி எடுத்த ஈஆர்டபிள்யூவும் விற்கிறார்கள், அதனால் விரலை மட்டும் நம்ப முடியாது. கடைத் தவுக்கேயிடம் மில் சர்டிபிகேட் (எஃகு ஆலையின் சான்றிதழ்) கேளுங்கள், அதிலுள்ள ஹீட் நம்பர், அதாவது எஃகை உருக்கிய தொகுதியின் எண், குழாயிலோ குழாய்க் கட்டின் மேலோ இருக்கிறதா என்று பாருங்கள். காட்ட முடியாவிட்டால் கூரையில் சாமான் வைக்கும் ரூப் ரேக்குக்கு வாங்கலாம், கேஜுக்கு வேண்டாம்.

பத்து கேவ்ஸிலிருந்து: ஜிம்னி ஜீப்புக்கு 4130 குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) போடலாமா?

சுவரை மெல்லிசாக்கினால்தான் அதில் எடை மிச்சம். அதே அளவில் போட்டால் எடை குறையாது, விறைப்பும் அதிகமாகாது. டிக் வெல்டிங்கில் கைதேர்ந்தவர் வேண்டும். வார இறுதி வண்டிக்கு டிஓஎம் போதும்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து: டியூப் வாங்கிவிட்டு, அதை வளைக்கும் பெண்டருக்கு எங்கே போவது?

முதலில் பெண்டரைப் பாருங்கள். 48.3 பைப்புக்கான டையில் (வளைக்கும் அச்சில்) 45 டியூபை வைத்தால் வளைவில் சப்பிப்போகும். வளைவின் ஆரம், நடுக்கோட்டில் அளந்தால், விட்டத்தைப் போல மூன்று மடங்காவது வேண்டும், 45-க்கு 135 மி.மீ. அந்த டை இருக்கும் பட்டறையைப் பிடித்த பிறகு ஆறு மீட்டர் நீளங்களை வாங்குங்கள்.