எண்ணிவிடக்கூடிய கூட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஊர்க் கால்பந்து கிளப்புகள் எப்படிப் பிழைக்கின்றன, ஏன் சாகின்றன என்று கேட்டு இம்முறை பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டு, இந்தப் பக்கத்தை அந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: தென் லண்டனில் வசிக்கிறோம். என் மகனுக்குப் பத்து வயது. சனிக்கிழமைகளில் அவனை வீட்டுக்கு அருகிலுள்ள சிறிய மைதானத்துக்கு அழைத்துச் செல்வேன். சென்ற வாரம் அவன் பார்வையாளர்களை ஒவ்வொருவராக எண்ணி, எண்பத்தேழு பேர் என்றான். வாசலில் காசு வாங்கிய பெரியவரே இடைவேளையில் தேநீரும் ஊற்றினார். அடுத்த ஆண்டு கிளப் இருக்குமா என்று கேட்டபோது கெட்டிலைப் பார்த்தபடி தலையை மட்டும் அசைத்தார். உலகமே பார்க்கும் பிரீமியர் லீக் நடக்கிற நாட்டில் ஏன் இந்த நிலை?
— ஒரு வாசகி, லண்டன்

பதில்: உங்கள் மகன் எண்ணிய எண்ணிக்கையிலிருந்தே தொடங்கலாம். தலைக்கு எட்டு பவுண்ட் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், எண்பத்தேழு பேரிடமிருந்து எழுநூறு பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் சலுகை உண்டு என்பதால் அதுவும் முழுதாகக் கைக்கு வராது. அந்தப் பணத்தில்தான் நடுவர்களுக்கான கட்டணம், விளக்குக் கம்பங்களுக்கான மின்சாரம், வெளியூர் ஆட்டங்களுக்கான பேருந்து, புல்தரைப் பராமரிப்பு, காப்பீடு, ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் சிறு ஊதியம் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. எனவே அந்தக் கிளப் உண்மையில் பிழைப்பது கிளப் வீட்டின் மதுக்கூடம், சுற்றுவேலியில் உள்ள உள்ளூர்க் கடைகளின் விளம்பரப் பலகைகள், இடைவேளையில் நடக்கும் குலுக்கல் சீட்டு ஆகியவற்றை வைத்தும், சம்பளமே வாங்காத அந்தப் பெரியவரைப் போன்றவர்களை வைத்தும்தான்.

இவற்றுக்கு மேல் மழை இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் தரை ஊறிப்போயோ உறைந்துபோயோ சனிக்கிழமை ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டால், அது பெரும்பாலும் செவ்வாய் இரவுக்குப் போகும். மறுநாள் பள்ளியும் வேலையும் இருக்கும்போது குளிரில் யார் வருவார்கள்? ஒரு மாதம் சொந்த மைதானத்தில் ஆட்டமே இல்லாமல் போனால் அந்த மாதம் வருமானமும் இல்லை. ஆனால் செலவு மாதாமாதம் வந்துகொண்டுதான் இருக்கும்.

தொலைக்காட்சியின் பங்கைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரிட்டனில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை கால்பந்து ஆட்டங்களை நேரடியாக ஒளிபரப்பக் கூடாது என்ற ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. 1960-களில் பர்ன்லி கிளப்பின் தலைவராக இருந்த பாப் லார்ட், பெரிய அணிகளின் ஆட்டம் வீட்டிலேயே தெரிந்தால் சிறிய மைதானங்கள் காலியாகிவிடும் என்று வாதாடியதன் விளைவு அது. லண்டனில் மூன்று மணிக்கு நடக்கும் ஆட்டத்தைச் சென்னையில் இரவு எட்டரைக்கு நான் தொலைக்காட்சியில் பார்க்கிறேன், உங்களால் பார்க்க முடியாது. அந்த வேலி இருப்பதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் பன்னிரண்டரைக்கு ஒரு பெரிய ஆட்டம், ஐந்தரைக்கு இன்னொன்று, ஞாயிறன்று இரண்டு, மூன்று என்று வேலியைச் சுற்றிலும் பெரிய ஆட்டங்கள் நிரம்பிவிட்டன. அந்தப் பழைய ஏற்பாடு காக்கும் இரண்டரை மணி நேரத்திலும், வாரம் முழுக்கப் பார்த்துக் களைத்த கண்கள் வெளியே கிளம்ப மறுக்கின்றன.

கேள்வி: கூட்டம் இல்லாததால்தான் கிளப்புகள் மூடப்படுகின்றன என்கிறார்கள். அப்படியானால் ஆயிரக்கணக்கானோர் பார்க்க வந்துகொண்டிருந்த இங்கிலாந்தின் பரி கிளப் ஏன் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: சரியான இடத்தில் கைவைத்திருக்கிறீர்கள். கூட்டம் குறைந்தால் கிளப் மெலியும். ஆனால் அதன் உயிர் போவது பெரும்பாலும் மைதானமும் கணக்குப் புத்தகமும் தவறான கைகளுக்குப் போகும்போதுதான். பரியின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

மான்செஸ்டர் நகரிலிருந்து டிராமில் அரை மணி நேரத்தில் போய்ச்சேரக்கூடிய ஊர் பரி. அந்த ஊர் கிளப் 1885-இல் தொடங்கியது. 1894-இல் இங்கிலாந்தின் தேசிய லீக்கில் சேர்ந்தது. சிறிய, பெரிய கிளப்புகள் எல்லாம் மோதும் எஃப்.ஏ. கோப்பையை 1900-இலும் 1903-இலும் வென்றது. 1903 இறுதி ஆட்டத்தில் டெர்பி கவுன்டியை 6-0 என்று வீழ்த்தியபோது, அந்தத் தொடர் முழுவதிலும் ஒரு கோல்கூட வாங்காமல் கோப்பையைத் தூக்கியது. இறுதி ஆட்டத்தில் அந்த வித்தியாசத்தை இன்னொரு அணி எட்டிப்பிடிக்க 2019 வரை, மான்செஸ்டர் சிட்டி வாட்ஃபோர்டை வெல்லும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 2019-இல்தான் பரி வெளியேற்றப்பட்டது.

அந்த வசந்தத்தில் பரி அணி நான்காம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு உயர்ந்திருந்தது. ஆடுகளத்தில் வெற்றி, அலுவலகத்தில் கடன். வருமானத்துக்கு மீறிய சம்பளம் கொடுத்து அணி கட்டப்பட்டிருந்தது. கிளப்பின் சொந்த மைதானமான கிக் லேனின் மீது அடமானக் கடன் ஏறியிருந்தது. 2018 டிசம்பரில் கிளப் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியிருந்தது. புதிய சீசன் தொடங்கியபோது, கடனை அடைக்கப் பணம் இருக்கிறது என்று நிரூபிக்க முடியாததால் ஆட்டங்கள் ஒவ்வொன்றாக நிறுத்திவைக்கப்பட்டன. ஆகஸ்ட் 27 மாலைதான் கெடு. கிளப் காப்பாற்றப்பட்டு அடுத்த ஆட்டம் நடக்கும் என்ற நம்பிக்கையில், ஊர் மக்கள் நூற்றுக்கணக்கில் வாளியும் துடைப்பமுமாக வந்து, தூசி படிந்த இருக்கைகளை வரிசை வரிசையாகத் துடைத்தார்கள். வாங்க முன்வந்த நிறுவனம் கடைசி நேரத்தில் விலகியது. அன்று இரவு, 125 ஆண்டுகள் உறுப்பினராக இருந்த கிளப்பை லீக் வெளியேற்றியது. அந்த இருக்கைகளில் உட்கார ஆட்கள் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. கையெழுத்திடும் அதிகாரம் மட்டுமே அவர்களிடம் இல்லை.

இதற்கு முன்பு, 1992-இல் தென்கிழக்கு இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டோன் யுனைடெட் லீக்கிலிருந்து மறைந்ததும் இதே பாதையில்தான். அவர்கள் 1988-இல் சொந்த மைதானத்தை விற்றுவிட்டு, டார்ட்ஃபோர்டுக்குப் போய் அங்குள்ள கிளப்பின் மைதானத்தில் ஒண்டிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே லீக்குக்கு, அதாவது மேல் நான்கு அடுக்குகளுக்குள், உயர்வு கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு 'சொந்த மைதான' ஆட்டத்துக்கும் ரசிகர்கள் வேற்றூருக்குப் போக வேண்டியிருந்தது. மூன்றே சீசன்களில் எல்லாம் முடிந்தது. இடம் கொடுத்த டார்ட்ஃபோர்டு கிளப்பும் தன் மைதானத்தை இழந்தது. மீண்டும் அடிமட்டத்திலிருந்து எழுந்த மெய்ட்ஸ்டோன், 2012-இல் சொந்த ஊரில் செயற்கைப் புல்தரையுடன் ஒரு மைதானம் கட்டியது. மழைக்கு ஆட்டம் நிற்காது. வார நாட்களில் பள்ளிக் குழந்தைகளும் உள்ளூர் அணிகளும் வாடகை கொடுத்து அங்கே விளையாடலாம். 2024 ஜனவரியில் ஆறாம் அடுக்கில் இருந்த அந்தக் கிளப், எஃப்.ஏ. கோப்பையில் இப்ஸ்விச் டவுனை அதன் மைதானத்திலேயே 2-1 என்று வீழ்த்தியது.

கேள்வி: பணம் கொழிக்கும் பெரிய கிளப்புகளும் அரசும் கைகொடுக்கக் கூடாதா?
— ஒரு வாசகர், பெனாங்கு

பதில்: அரசு ஓரளவு அசைந்திருக்கிறது. பரி விழுந்த அதிர்ச்சிக்குப் பிறகு எழுந்த குரல்களின் பலனாக, 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. கிளப்பை வாங்குபவரின் தகுதியை ஆராயவும், மைதானத்தை விற்பதைத் தடுக்கவும் அதிகாரமுள்ள தனி ஒழுங்குமுறை அமைப்பு அதன் வழியே வந்திருக்கிறது. ஆனால் அதன் கை மேலிருந்து ஐந்து அடுக்குகள் வரைதான் நீளும். லண்டன் வாசகி சொன்ன எண்பத்தேழு பேர் மைதானம் அதற்கு எட்டாது.

பெரிய கிளப்புகளைப் பற்றி எனக்கு உள்ள வருத்தத்தை மறைக்க விரும்பவில்லை. ஐந்தாம் அடுக்குக்கு இறங்கி, கடனில் மூழ்கி, ரசிகர்கள் கைக்கு வந்திருந்த எக்ஸிட்டர் சிட்டி, 2005 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பைக்காக ஓல்டு டிராஃபோர்டுக்குப் போய் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் 0-0 என்று சமன் செய்தது. அன்று 67,000-க்கும் மேற்பட்டோர் கொடுத்த சீட்டுப் பணத்தில் கிடைத்த பங்கும், எக்ஸிட்டரில் நடந்த மறு ஆட்டத்தின் வருமானமும் சேர்ந்து அந்தக் கிளப்பைக் கரையேற்றின. 2024-25 சீசன் முதல், கோப்பையின் முதன்மைச் சுற்றுகளில் மறு ஆட்டங்கள் கிடையாது. பெரிய அணிகளின் ஆட்ட அட்டவணை நெருக்கடிதான் காரணம். யாரையும் நசுக்கிவிடாத ஒரு சிறு சுமையைக் குறைப்பதற்காக, கீழே இருப்பவர்களின் ஒரே லாட்டரிச் சீட்டைக் கிழித்துவிட்டார்கள்.

கேள்வி: 2019 மார்ச்சில் எங்கள் ஊர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டம் பெற்றதை நேரில் பார்த்தேன். இன்று அந்த அணி தேசிய லீக்கிலேயே இல்லை. நம் கதையும் அதே கதைதானா?
— ஒரு வாசகர், கோவை

பதில்: பாதி அதே கதை. ஐ-லீக்கில் சென்னையில் ஆடத் தொடங்கி, அடுத்த சீசனிலேயே கோவைக்கு இடம்பெயர்ந்த அணி அது. கோவை மக்கள் அதைத் தம் அணியாக ஏற்றுக்கொண்டது அவர்களின் பெருந்தன்மை. ஆனால் மைதானம் கிளப்புடையது அல்ல; பார்க்க வந்தவர்களுக்குக் கிளப்பில் உறுப்பினர் உரிமையும் இல்லை. பரியில் கிளப் விழுந்த பிறகும் மிச்சமிருந்த ஒன்று, தலைமுறைகளாகச் சேர்ந்த உரிமையுணர்வு. அது ஊறுவதற்கு நமக்குச் சில சீசன்கள்தான் கிடைத்தன. சாம்பியன் பட்டம்கூட அதற்கு ஈடாகவில்லை என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது.

கேள்வி: விழுந்த கிளப்பை ரசிகர்களால் உண்மையிலேயே எழுப்ப முடியுமா? முடியுமென்றால் ஒரு தனி மனிதர் செய்யக்கூடியது என்ன?
— ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: முடியும், ஆனால் ஆண்டுக்கணக்கில் ஆகும், நடுவில் சண்டையும் வரும். பரியில் 2019 இறுதியிலேயே ரசிகர்கள் ஒரு புதிய கிளப்பைத் தொடங்கி, பக்கத்து ஊர் ராட்கிளிஃப்பின் மைதானத்தில் ஆடினார்கள். இன்னொரு ரசிகர் குழு, அரசின் உதவித் தொகையையும் சேர்த்துக்கொண்டு, 2022-இல் கிக் லேனை மீட்டது. இரு தரப்பும் இணைவதற்கு நடந்த முதல் வாக்கெடுப்பில் தேவையான ஆதரவு கிடைக்கவில்லை. 2023-இல் நடந்த இரண்டாவதில்தான் கிடைத்தது. அந்தக் கோடையில் பரி என்ற பெயர் கிக் லேனுக்குத் திரும்பியபோது அணி ஒன்பதாம் அடுக்கில் இருந்தது. அந்த அடுக்கில் பல மைதானங்களில் சில நூறு பேர் வந்தாலே பெரிய கூட்டம். கிக் லேனுக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் மூவாயிரத்துக்கும் மேல் வந்தார்கள். லண்டனின் விம்பிள்டனிலும் இதுதான் நடந்தது: கிளப்பை மில்டன் கீன்ஸ் என்ற வேற்றூருக்கு மாற்ற 2002-இல் அனுமதி கிடைத்ததும், ரசிகர்கள் ஊர்ப் பொதுத் திடலில் ஆள் தேர்வு நடத்தி ஏ.எஃப்.சி. விம்பிள்டனைத் தொடங்கினார்கள். 2011-இல் அது லீக்குக்கு உயர்ந்தது. 2020-இல், பழைய மைதானம் இருந்த பிளவ் லேன் தெருவுக்குத் திரும்பியது.

தனி மனிதர் செய்யக்கூடியதற்கு லிவர்பூலுக்கு வடக்கே உள்ள மெரீன் கிளப் நல்ல எடுத்துக்காட்டு. எட்டாம் அடுக்கில் இருந்த மெரீனுக்கு 2021 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் டாட்டன்ஹாம் எதிராளியாக வாய்த்தது. ஆனால் கொரோனா காரணமாகப் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. கிளப்புக்கு வாழ்நாளில் ஒருமுறையே கிடைக்கக்கூடிய வருமானம் கைநழுவிப்போகும் நிலை. அப்போது கிளப், உள்ளே வரவே முடியாத ஆட்டத்துக்குப் பத்து பவுண்ட் விலையில் 'மெய்நிகர்' நுழைவுச் சீட்டு விற்றது. 30,000-க்கும் மேற்பட்ட சீட்டுகள் போயின. வாங்கியவர்களில் டாட்டன்ஹாம் ரசிகர்கள் ஏராளம். மைதானத்தை ஒட்டிய வீடுகளின் கொல்லைப்புறங்களில் நின்று அக்கம்பக்கத்தார் ஆட்டத்தைப் பார்த்தார்கள்.

இங்கிலாந்தில் 2010 முதல், பெரிய பிரிவுகளுக்கு ஆட்டம் இல்லாத ஒரு சனிக்கிழமையை ஆண்டுதோறும் 'நான்-லீக் டே' (லீக்குக்கு வெளியே உள்ள சிறு கிளப்புகளின் நாள்) என்று கொண்டாடுகிறார்கள். அது நல்லதுதான், ஆனால் அந்த ஒரு நாள் கூட்டத்தை வைத்து ஆண்டு முழுவதையும் ஓட்ட முடியாது. உங்கள் ஊர் அணி எதுவானாலும், சீசன் தொடங்கும் முன்பே முழுப் பருவத்துக்கான சீட்டை வாங்கிவிடுங்கள். மழைக்காலத்தில் ஆட்டம் நின்றாலும் அந்தப் பணம் கிளப்பின் கையில் ஏற்கெனவே இருக்கும். உறுப்பினர் உரிமை கொடுக்கும் கிளப் என்றால் சேர்ந்து, ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போய், மைதானம் யார் பெயரில் இருக்கிறது, அதன் மீது கடன் இருக்கிறதா என்று எழுந்து நின்று கேளுங்கள். லண்டன் வாசகிக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த சனிக்கிழமை மகனை அழைத்துக்கொண்டு அரை மணி முன்னதாகப் போய், அந்தப் பெரியவரிடமிருந்து வாசல் வேலையையோ தேநீர்க் கெட்டிலையோ, இரண்டில் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.