எம்கேவி ஃபைலை எம்பி4-ஆ மாத்தினா குவாலிட்டி குறையுமா?

சரியா மாத்தினா துளி கூட குறையாதுங்க. எம்கேவி, எம்பி4 ரெண்டுமே வெறும் பெட்டி தான், உள்ள படம் ஹெச்.264, சத்தம் ஏஏசின்னு தனித்தனி ஃபார்மேட்ல சுருக்கி வச்சிருக்கும், நம்ம கிருஷ்ணகிரி மண்டில மாங்காய கூடையில இருந்து கிரேட்டுக்கு மாத்தற மாதிரி, காய் அதே காய் தான். எஃப்எஃப்எம்பெக்ங்கற வீடியோ மாத்தற மென்பொருள்ல 'மைனஸ் சி காப்பி' (-c copy) போட்டீங்கன்னா மறுபடி என்கோட் பண்ணாம, அதாவது திரும்ப சுருக்காம, பெட்டி மட்டும் மாறும்.

பாலக்கோட்டுல நடந்த எங்க அக்கா கல்யாண வீடியோ 3 ஜிபி, லேப்டாப்ல ஒரு நிமிஷம் கூட ஆகல. ஆனா அம்மா போன்ல படம் ஓடுது, நாதஸ்வரம் கேக்கல, பாத்தா ஆடியோ ஏசி3-ங்கற வேற ஃபார்மேட், அந்த போன்ல அது ஓடல, அதை மட்டும் ஏஏசிக்கு மாத்தினேன், படத்த தொடவே இல்ல, அப்புறம் தான் அம்மா முகத்துல சிரிப்பு வந்துச்சு.

நெட்ல ஸ்ட்ரீம் பண்ணணும்னா இன்னொன்னு முக்கியம், எந்த ஃப்ரேம் எங்க இருக்குங்கற அட்டவணைய எஃப்எஃப்எம்பெக் வழக்கமா எம்பி4 கடைசில தான் எழுதும், அதனால ஸ்லோ நெட்ல ஆரம்பிக்கவே லேட்டாகும், 'மூவ்ஃபிளாக்ஸ் ஃபாஸ்ட்ஸ்டார்ட்' சேத்தா அது முன்னாடி வந்துடும். பென்டிரைவ் ஃபேட்32-ங்கற ஃபார்மேட்ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா ஏறாது, எக்ஸ்ஃபேட்ல ஃபார்மேட் பண்ணிக்கோங்க, உள்ள இருக்கறத முதல்ல காப்பி எடுத்து வச்சுட்டு.