வளர்ப்பவர்களிடம் உள்ள டாரன்டுலாக்களில் (பெரிய, ரோமம் அடர்ந்த சிலந்திகள்) அதிக நீலமானது எது?

என் ஓட்டு பொயிசிலோதீரியா மெட்டாலிகாவுக்குத்தான். வெனிசுவேலாவின் கிரீன் பாட்டில் புளூவைப் பலர் சொல்வார்கள். அழகுதான், ஆனால் அதற்குக் கால்தான் நீலம், வயிறு ஆரஞ்சு. மெட்டாலிகா அப்படியில்லை. கால், முதுகு, வயிறு எல்லாமே மயில் கழுத்து நீலம், நடுநடுவே வெள்ளைக் கோலம், காலின் அடிப்பக்கத்தில் மஞ்சள் பட்டை.

வேடிக்கை என்னவென்றால் இது நம் பக்கத்துச் சரக்கு. ஆந்திராவின் குத்தியில், ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒன்றை வைத்து 1899இல் போக்காக் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் பெயர் சூட்டினார். பிறகு நூறாண்டுக்கு ஆளே காணோம். 2001இல்தான் நந்தியால், கித்தலூர் இடைப்பட்ட காட்டில், மரப்பொந்துக்குள் மறுபடி அகப்பட்டது. அந்தக் காடும் விறகுக்காக வெட்டப்படுவதால் இப்போது மிக அருகிவிட்ட இனம்.

இந்த நீலம் சாயமல்ல. மயிலிறகு போலவே, முடியிலுள்ள நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நிறம். வெளிச்சம் குறைந்தால் கருப்பாகத்தான் தெரியும்.

சரி, வாங்கலாமா? முதல் சிலந்தியாக வேண்டவே வேண்டாம். மின்னல் வேகத்தில் ஓடும், கடித்தால் நாள்கணக்கில் தசைப்பிடிப்பு. 2019 முதல் இந்தப் பேரினமே சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது. காட்டிலிருந்து பிடித்ததைத் தொடவே தொடாதீர்கள்.